படகுக்குள் தண்ணீர்

எத்திராஜ் தக்கையைப் பிடுங்கியபோது நீலா வீட்டுக்குள் நைனாவின் குதிகால் வெடிப்புகளுக்கு வாசலின் தடவிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் இறங்குகிற உடம்பில் நகக்கீறல் இருந்தால்கூட எரியும். அதனால் முதலில் வாசலின், பிறகுதான் தண்ணீர். ஆறு வருஷமாக நுங்கம்பாக்கத்துக் குதிகால்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம் இன்றைக்குத்தான் சொந்த வீட்டுக் குதிகாலுக்கு வந்திருந்தது.

தம்பி பெண்டாட்டி சௌமியா வாசற்படியில் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“அண்ணி, ஓடியா! எத்திராஜ் மாமா தக்கைய உருவி வுட்டுட்டாரு. தண்ணி அவ்ளோவும் போவுது!”

நைனா கருணாகரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த மேஜைமேல் தலையணை வைத்து அதில் முகத்தைக் கவிழ்த்திருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“இன்னாவாம்?”

“ஒண்ணியும் இல்ல நைனா. நீ அப்டியே குந்திரு. தோ வந்துட்டேன்.”

“நான் எங்க போவப் போறேன்?” என்றார் அவர் தலையணையிடம்.

நீலா வாசலின் கையோடு ஓடினாள். இரண்டு சந்து தாண்டினால் மணல். குவித்துப் போட்ட கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கும். நைனாவின் நீலப் படகு கடைசியில், கட்டைகளின்மேல் நின்றது. அதன் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் ஒரு கை கனத்துக்குக் கொட்டி, மணலில் வாய்க்கால் அறுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

அவள் துளையில் உள்ளங்கையை வைத்து அடைத்தாள்.

“தக்கை எங்க மாமா?”

எத்திராஜ் ரப்பர் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு நின்றிருந்தார். நைனாவோடு முப்பது வருஷம் இதே படகில் போனவர்.

“இன்னாமா நீலா, படகுல இம்மாந் தண்ணி நிக்குது, ஒருத்தன் பாக்கல. மேல தார்ப்பாய வேற போட்டு மூடி வச்சிகிறீங்கோ. நல்ல வேள நான் வந்தேன்.”

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் குப்பத்தில் யார் படகு என்று கேட்கிற வழக்கம் இல்லை. உள்ளே தண்ணீர் நிற்பதை முதலில் பார்த்தவன் இறைக்க வேண்டும். கரையில் நிற்கிற படகானால் தக்கையை உருவ வேண்டும். சொந்தக்காரனோடு பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவன்கூட அதைச் செய்துவிட்டுத்தான் போவான். எத்திராஜ் மூன்று நாள் மகள் வீட்டில், பழவேற்காட்டில் இருந்துவிட்டு, அன்று காலைதான் திரும்பியிருந்தார். இங்கே என்ன நடக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நீலா தக்கையை வாங்கித் துளையில் அடித்து இறுக்கினாள்.

“மாமா, அது மழத்தண்ணி இல்ல. நைனாவுக்கு வச்சது.”

“நைனாவுக்கா?”

“வாய்ல வச்சிப் பாரு.”

எத்திராஜ் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்தது. அவர் முகம் மெல்ல மாறுவதைப் பார்க்க நீலாவுக்கே பாவமாக இருந்தது. கோபப்படுவதற்கு ஓடி வந்தவள், அதைக் கையில் மிச்சமிருந்த வாசலினோடு சேர்த்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

நீலா வேலை செய்கிற இடத்துக்கு ஃப்ளோட் சென்டர் என்று பெயர். ஏசி போட்ட மூன்று அறை, அறைக்கு ஒரு மூடிபோட்ட தொட்டி. தொட்டிக்குள் ஒரு அடி ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். அதில் ஐந்நூறு அறுநூறு கிலோ எப்சம் உப்பு கரைந்திருக்கும். வருகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பார்கள். மூடியை மூடினால் வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, உடம்பைத் தொடுவதற்கு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு, கல்யாண வீட்டில் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முழித்துக்கொண்டு வெளியே வருவார்கள். கூட்டித் துடைக்கப் போனவள் நீலா. இப்போது தண்ணீரின் சூட்டையும் உப்பின் கனத்தையும் அவள் பார்த்துச் சரி என்றால்தான் தொட்டி திறக்கும்.

முதன்முதலில் இதைக் கேட்டபோது கருணாகரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இருட்டுல, உப்புத் தண்ணில, சொம்மா மிதக்கறதுக்கு ஆளுங்க வர்றாங்களா? நான் முப்பது வருசமா மிதந்துகினு கீறேன், ஒரு பய டீ வாங்கித் தர்லியே!”

அந்தச் சிரிப்பு போய் எட்டு மாதம் ஆகிறது. முதுகெலும்பில் புற்று என்றார்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கடைசி நாலு மாதமாக அவரால் படுக்க முடியவில்லை. பாய், மெத்தை, காற்று நிரப்பிய படுக்கை, எதில் படுத்தாலும் முதுகு எங்கேயாவது பட்டுத்தானே ஆக வேண்டும்? பட்ட இடத்தில் கத்தி இறங்கியது. உட்கார்ந்தபடியே மேஜைமேல் கவிழ்ந்து, பத்து நிமிஷம் கண்ணை மூடுவதும் விழிப்பதுமாக நாட்கள் போயின. வாரத்துக்கு ஒருமுறை வருகிற நர்ஸ் அம்மா வெள்ளிக்கிழமை நீலாவைச் சந்துக்குக் கூட்டிப்போய், “இனிமே நாள் கணக்குதான்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கருணாகரன் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஒரு தபா மல்லாக்கப் படுத்து, கால நீட்டித் தூங்கிட்டா போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

நீலா அன்றைக்கே முதலாளியம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனுஷிதான். ஆனால் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தொட்டியில் இறக்கக் கூடாது என்று சென்டரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவளே நீலாதான். அப்படியே சம்மதித்தாலும் கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட ரோட்டில் ஆட்டோவில் எப்படிக் கூட்டிப்போவது? போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எர்ணாவூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை மயங்கிவிட்டார். கடலில் இறக்கலாம் என்றால் அலை தூக்கி அடிக்கும். தொட்டி இங்கேதான் வர வேண்டும் என்று நீலா முடிவு செய்தாள்.

படகின் நடுவில் மீன் கொட்டுகிற அறை இருக்கிறதே! ஏழு அடி நீளம், நாலு அடி அகலம். ஐஸ் கரைந்த தண்ணீர் போக அடியில் தனித் துளை, அதற்கு ஒரு தக்கை. நைனா நோயில் விழுந்ததிலிருந்து படகு கரையில்தான் நின்றது. செங்குன்றத்து உரக்கடையில் எப்சம் உப்பு மூட்டையாகக் கிடைத்தது. பதினாலு மூட்டை.

தம்பி பிரகாஷ் தாம் தூம் என்று குதித்தான். அவன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தான்.

“படகுக்கு வெளிய தண்ணி, உள்ள மனுசன். அதானே முறை? நீ உள்ள தண்ணிய ரொப்பி அதுல நைனாவ போடப் போறியா? ஊரு இன்னா சொல்லும்?”

“ஊருக்கு முதுவு வலிக்கலடா.”

“மூழ்கிட்டாருன்னா?”

“அதுல மூழ்கறதுதான் கஷ்டம்.”

அம்மா மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். “இது பேதி உப்பாச்சேடி. இதுல படுத்தா இன்னா ஆவறது?”

“குடிச்சாதாம்மா பேதி. படுத்தா தூக்கம்.”

அம்மா உப்பைத் திரும்ப மூட்டையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். “நாலு மாசமா இந்தாளு கொறட்ட இல்லாம எனக்குக் கண்ணு மூடல. ரொப்புடா பிரகாசு.”

கருணாகரனின் குறட்டை அந்தத் தெருவில் பிரசித்தம். அதற்குப் பயந்து எதிர் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. முப்பத்தாறு வருஷம் அதைத் திட்டிக்கொண்டே தூங்கிய அம்மாவுக்கு, அது நின்றதும் தூக்கமும் போயிற்று. அம்மா சொல்லிவிட்டாள் என்றால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. சனிக்கிழமை முழுக்க லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றி, துடுப்பால் கலக்கி உப்பைக் கரைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறித் தண்ணீர் சூடானதும் இறக்கிவிடலாம் என்று இருந்தபோதுதான் எத்திராஜ் வந்து படகைக் காப்பாற்றினார்.

பாதி போய்விட்டது. மிச்சம் நின்ற தண்ணீரில் நீலா கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைக்குப் பாதிகூட இல்லை. இதில் படுத்தால் முதுகு தரையில் இடிக்கும். இடிக்கக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடும்?

“இன்னும் எவ்ளோ உப்பு வோணும்?” என்றான் பிரகாஷ்.

“ஏழு மூட்டை. ஞாயித்துக்கெழம. கடை பூட்டியிருக்கும்.”

“நாளிக்குப் பாத்துக்கலாம் அக்கா.”

“நாளிக்கு இல்லடா” என்றாள் நீலா.

எத்திராஜ் மணலில் உட்கார்ந்து, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இன்னா பண்ணட்டும்? இன்னா பண்ணட்டும்?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மா வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தாள். எத்திராஜைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கேட்டதெல்லாம் மகளிடம்தான்.

“இந்தப் பேதி உப்பேதான் வோணுமா? கருவாட்டு உப்பு ஆவாதா?”

நீலா யோசித்தாள். சென்டரில் எப்சம் உப்பு போடுவது தோலுக்கு இதமாக இருக்க. மிதக்க வைப்பதற்கு எந்த உப்பானாலும் கனம் இருந்தால் போதும். கொஞ்சம் எரியும், அதற்கு வாசலின் இருக்கிறது.

“ஆவும்மா. நெறைய வோணும்.”

“அவ்ளோதானே” என்று சொல்லி அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கருவாடு காயப்போடுகிற மேட்டுப் பக்கம் நடந்தாள். இருபது வருஷமாக அவளும் அங்கே காயப்போடுகிறவள். கால் மணி நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் சாக்கைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஆறு சாக்கு. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. வழியிலேயே அம்மா சொல்லியிருப்பாள். எத்திராஜ் எழுந்து போய் மூட்டைகளை முதுகில் ஏற்றினார். இறக்கி வையுங்கள் என்று சொன்னாலும் கேட்கவில்லை, ஆறையும் அவரே சுமந்து படகுக்குள் கொட்டினார். பிரகாஷ் குடம் குடமாக ஊற்ற, சௌமியாவும் நீலாவும் ஆளுக்கொரு துடுப்பால் கலக்கினார்கள். தண்ணீரின் சூடு குறைந்தபோது சந்து முனையில் ஜோ வைத்திருக்கிற டீக்கடையிலிருந்து பாய்லர் தண்ணீர் இரண்டு வாளி வந்தது.

சென்டரில் உப்பின் கனத்தைப் பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. இங்கே அம்மா ஒரு கோழிமுட்டையைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டாள். அது கொஞ்சம் ஆடிவிட்டு, கால் பாகம் வெளியே தெரிய நின்றது. நீலா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். முப்பத்து நாலரை டிகிரி, சென்டரில் வைக்கிற அதே சூடு. மணி பதினொன்று.

“முட்டை மிதக்குது. மனுசன் மிதப்பானா?” என்றான் பிரகாஷ்.

“எறங்கிப் பாரு.”

“நானா?”

“நீதான் தொண்ணூறு கிலோ கீற.”

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேலி செய்யத் தயாராகச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து முறைத்துவிட்டு இறங்கினான். உட்கார்ந்தான். காலை நீட்டியதும் உடம்பு தானாக மேலே வந்தது. “யம்மா!” என்று கத்தினான். பெண்கள் சிரித்தார்கள்.

“தலைய வுடுடா.”

“வுட்டுட்டேன்.”

“வுடல. கழுத்துல நரம்பு நிக்குது. தண்ணி புடிச்சிக்கும், வுடு.”

கடைசியாகக் கழுத்துதான் தளரும். உடம்பை முழுக்க ஒப்படைத்துவிட்டுத் தலையை மட்டும் எல்லோரும் தாங்களே பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிரகாஷ் தலையை விட்டான். காது தண்ணீருக்குள் போனது. காலையிலிருந்து நொய் நொய் என்று பேசிக்கொண்டிருந்தவன் அத்தோடு பேச்சை நிறுத்தினான். மூன்று நிமிஷம் ஆயிற்று. நீலா அவன் தோளைத் தட்டினாள்.

“எந்திரி.”

“இரு.”

“எந்திரிடா. இது நைனாவுக்கு.”

எழுந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. “உப்பு” என்றான். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான், நைனாவைத் தூக்கிவர.

நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் பிரகாஷ், ஒரு பக்கம் எத்திராஜ். மணலில் கால் புதைந்து நாற்காலி சாயும்போதெல்லாம் கருணாகரன் பல்லைக் கடித்தார். படகுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்ததும் மூச்சு விட்டுவிட்டு எத்திராஜைப் பார்த்தார்.

“நீதான் தக்கைய உருவனியா?”

எத்திராஜ் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் விடவில்லை. “தெரியாம... தண்ணி நின்னுச்சி மச்சான்.”

“நானா இருந்தாலும் அத்ததான் பண்ணியிருப்பேன்” என்றார் கருணாகரன். “நமக்கு வேற இன்னா தெரியும்?”

எத்திராஜ் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு போய்ப் படகின் அடியில், தக்கை இருந்த பக்கம் மணலில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். தக்கை இறுக்கமாகத்தான் இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நீலா படகுக்குள் இறங்கித் தண்ணீரில் நின்றாள். இந்த இடத்தில் அவளுக்குப் பயம் இல்லை. பயந்த ஆட்களை எத்தனை பேரை இறக்கியிருக்கிறாள்!

“நைனா, கேளு. ஒரு மணி நேரம் ஆனதும் வெளியருந்து மூணு தட்டு தட்டுவேன். நேரம் ஆச்சுன்னு அர்த்தம். நீ உள்ளருந்து ஒரு தட்டு தட்டணும்.”

“கேக்கலன்னா?”

“தண்ணிக்குள்ள நல்லா கேக்கும். எல்லாருக்கும் கேக்கும்.”

“உங்க ஆபீசர்மாருக்கெல்லாம் இதே மாதிரிதான் சொல்லுவியா?”

“அவங்களுக்கு சார் போட்டு சொல்லுவேன்.”

“எனக்கும் போடு.”

“கால நீட்டுங்க சார்” என்றாள் நீலா. அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துச் சிரித்தது.

காதில் அடைப்பான் வைப்பதற்கு முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். “படுக்கும்போது வலிக்கும். நான் பத்து எண்ணறதுக்குள்ள போயிடும்.” படகு விளிம்பிலிருந்து பிரகாஷ் அவரைக் கையில் ஏந்தி இறக்கினான். நாற்பது கிலோகூட இல்லாத உடம்பு. உட்கார வைத்து, அக்குளில் கை கொடுத்து, நீலா பின்னால் சாய்த்தாள். அவர் கத்தினார். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நாலு, ஐந்து. கால்கள் மேலே வந்தன. ஏழு என்கையில் கத்தல் நின்றது.

கருணாகரன் கண்ணைத் திறந்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது போல மேலே பார்த்தார்.

“நீலா, கீழ கை வச்சிகினு கீறியா?”

நீலா இரண்டு கைகளையும் தண்ணீரிலிருந்து எடுத்து, சொட்டச் சொட்ட அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

அவர் அந்தக் கைகளையே பார்த்தார். கண்ணோரத்திலிருந்து வழிந்தது தண்ணீரில் சேர்ந்தது. முப்பத்து நாலு வயதில் நைனாவுக்குத் தான் கொடுத்ததிலேயே இதுதான் உருப்படியானது என்று நீலா நினைத்தாள்.

“தலைய வுடு நைனா.”

அதுதான் அவருக்கு முடியவில்லை. தண்ணீரில் தலையைத் தூக்கி வைத்தே பிழைத்த ஆள். நீலா அவர் பிடரியின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். கனம் இல்லை, தானே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். மெல்ல மெல்லக் கையில் கனம் ஏறியது. முழுக் கனமும் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். தலை அங்கேயே நின்றது.

தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். வெயில் தாங்க மேலே ஈரச் சாக்கு போட்டார்கள். காற்றுக்கு ஒரு பக்கம் சாண் அளவு திறந்து விட்டு, அந்த இடுக்கில் நீலா உட்கார்ந்தாள். மிதக்கிறவர் மூச்சு விடும்போது நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் கோடு ஏறி இறங்கும். அதைத்தான் அவள் எப்போதும் பார்ப்பாள்.

கூட்டம் கலையாமல் நின்றது. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. கருங்கல்லில் அலை மோதியது. பத்து நிமிஷம் ஆயிருக்கும், படகுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இழுவையாக ஒன்று. பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒன்று. ஃபைபர் பலகையில் மோதி, குடத்துக்குள் கத்துவது போல அது பெரிதாகக் கேட்டது.

சௌமியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருவாட்டுக்காரப் பெண்களில் ஒருத்தி, “தோடா, எஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சி” என்றாள். அம்மா படகுக்குப் பக்கத்தில் வந்து மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“வந்துடுச்சி” என்றாள். “வந்துடுச்சிடி நீலா.” பிறகு படகின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து அழுதாள். நாலு மாதமாக அழாமல் இருந்ததையும் சேர்த்து அழுதாள்.

ஒரு மணி நேரம் ஆனது. போன் அதிர்ந்ததும் நீலா படகை மூன்று தடவை தட்டினாள். குறட்டை நின்றது. காத்திருந்தாள். உள்ளேயிருந்து, நிதானமாக, ஒரு தட்டு வந்தது.

தார்ப்பாயை விலக்கி, காதடைப்பானை எடுத்து, ஸ்பூனால் நாலு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். கருணாகரனின் முகத்தில் சுருக்கங்கள் எங்கோ போயிருந்தன.

“எந்திரிக்கணுமா?”

“அடுத்த ஆளு வந்துட்டா எந்திரிக்கணும்.”

“யாரு அடுத்த ஆளு?”

நீலா சுற்றிலும் பார்த்தாள். “யாரும் இல்ல.”

“அப்ப இன்னொரு மணி நேரம் போடு.”

சென்டரில் ஆறு வருஷத்தில் ஒருவருக்கும் அவள் நேரத்தை நீட்டிக் கொடுத்ததில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தாள். போனில் இன்னும் அறுபது நிமிஷம் வைத்தாள்.

அவர் விளிம்புக்கு மேலே தெரிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “இன்னாமே, கருவாட்டத் திருப்பிப் போட்டியா? காஞ்சி கட்டையாப் பூடும்.”

“போட்டாச்சி. நீ தூங்குய்யா.”

இந்தத் தடவை தலையை விடுவதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீலா காதை அடைத்துத் தார்ப்பாயை மூடுவதற்குள் முதல் குறட்டை வந்துவிட்டது. பெண்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். சௌமியா சோறு வைக்க வீட்டுக்குப் போனாள். பிரகாஷ் உடம்பிலிருந்த உப்பைக் கழுவிவிட்டு டீ வாங்கிவரப் போனான். படகோடு சாய்ந்திருந்த அம்மாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நடுப்பகல் வெயிலில், அவளும் தூங்கிப்போனாள். எத்திராஜ் தன் துண்டை அவிழ்த்து அவள் தலைமேல் போட்டுவிட்டு, மறுபடி வந்து தக்கையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் நெருங்கியபோது குறட்டை ஓர் இடத்தில் இழுத்தது. நின்றது. மறுபடி ஒன்று வந்தது, சின்னதாக. பிறகு வரவில்லை.

நீலா இடுக்கில் குனிந்து பார்த்தாள். நெஞ்சைச் சுற்றியிருந்த தண்ணீர்க் கோடு அசையாமல் நின்றது. கையை விட்டு மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நரம்பு எதுவும் நிற்கவில்லை, கழுத்து தளர்ந்து கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன. கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன.

இப்போது அழுதால் அம்மா விழித்துக்கொள்வாள். எல்லோரும் ஓடி வருவார்கள். அவரைத் தூக்குவார்கள், தரையில் கிடத்துவார்கள், முதுகு படும். நீலா பல்லைக் கடித்துக்கொண்டு கையை வெளியே எடுத்தாள்.

பிரகாஷ் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்து நின்றான்.

“இன்னாக்கா, சத்தத்தக் காணோம்? நேரம் ஆச்சா?”

எத்திராஜ் தலையை நிமிர்த்தி நீலாவைப் பார்த்தார். நீலா போனைப் பார்த்தாள்.

“இன்னும் பதினெட்டு நிமிசம் கீது” என்றாள். “மெதுவா பேசு. அம்மா தூங்குது.”

பிரகாஷ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சத்தம் வராமல் கிளாஸ்களை மணலில் வைத்துவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். எத்திராஜ் தக்கையின்மேல் இருந்த கைக்கு மேலே இன்னொரு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.